சின்னத்திரை கேள்வி - பதில்: மழைக்கு நிற்கும் டிஷ், மத்தியானத்துக்கு மாறும் சீரியல்

ராத்திரி 9 மணிக்கு வந்துகொண்டிருந்த சீரியலைத் தூக்கி மத்தியானம் 1.30-க்குப் போட்டுவிட்டார்கள். டி.ஆர்.பி. இல்லை என்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கும் யாரும் வந்து கேட்டதில்லை. யாரைக் கேட்டு மாற்றுகிறார்கள்? அந்த சீரியலுக்கு முடிவு கட்டப் போகிறார்களா?
– வாசகி, முத்தியால்பேட்டை

வாயைத் திறந்து யாரையும் கேட்க மாட்டார்கள் அம்மா, மீட்டர்தான் கேட்டுக்கொண்டிருக்கும். 2015 முதல் இந்தக் கணக்கைப் போடுவது ‘பார்க்’ என்ற அமைப்பு. நாடு முழுக்க ஐம்பதாயிரத்துச் சொச்சம் வீடுகளில் மீட்டர் இருக்கிறது. டி.வி. உள்ள வீடுகளோ சுமார் 21 கோடி. ஏறத்தாழ நாலாயிரம் வீட்டுக்கு ஒரு வீடு என்று ஆகிறது. உங்கள் தெருவில் இல்லாததில் வியப்பில்லை. இருந்தாலும் தெரியாது, மீட்டர் வீடு எது என்பதை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது விதி. இந்தக் கணக்கில் தமிழ்நாடும் புதுச்சேரியும் ஒரே சந்தை. புதுச்சேரி முத்தியால்பேட்டையும் கடலூர் மஞ்சக்குப்பமும் ஒரே கூடையில்தான் விழும்.

ஒவ்வொரு சேனலின் ஒலிக்குள்ளும் காதுக்குக் கேட்காத ஒரு குறியீட்டைக் கலந்து அனுப்புகிறார்கள். மீட்டர் அந்தக் குறியீட்டைப் பிடித்து, எந்த சேனல் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். கேபிளா, டிஷ்ஷா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கூடவே ஒரு சிறிய ரிமோட் தருவார்கள். வீட்டில் ஆளுக்கொரு பட்டன். பார்க்க உட்காரும்போது தன் பட்டனை அழுத்த வேண்டும், எழுந்து போனால் மறுபடி அழுத்த வேண்டும்.

இனி கணக்கு. நூறு பேர் இருக்கிறார்கள், சீரியல் 30 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் முழுசாகப் பார்த்தால் 3,000 நிமிடம். இருபது பேர் மட்டும், அதுவும் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் பார்த்தால் 300 நிமிடம். 3,000-ல் இது 10 சதவீதம், ஆகவே ரேட்டிங் 10. பத்துப் பேர் அசையாமல் அரை மணி நேரமும் உட்கார்ந்திருந்தாலும் அதே 10-தான். ‘எத்தனை பேர்’ என்பதோடு ‘எத்தனை நேரம்’ என்பதையும் பெருக்குவதால்தான், விளம்பரத்துக்குப் போகும் முன் கதவு தட்டும் சத்தம் கேட்டு எல்லார் முகமும் திரும்புகிறது. திரும்பி வந்தால் நிற்பது பால்காரர். பாதி வில்லத்தனம் கதைக்காக இல்லை, நீங்கள் சேனல் மாற்றாமல் இருப்பதற்காக.

கணக்கு வாரம் சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடிகிறது, அதன் எண்கள் அடுத்த வியாழக்கிழமை வெளியாகின்றன. ஒரு வியாழன் சறுக்கினால் யாரும் அலட்டிக்கொள்வதில்லை. அதே நேரத்தில் எதிர் சேனல் சீரியல் வாராவாரம் மேலே ஏறினால்தான் நேர மாற்றப் பேச்சு வரும். ஒரு புது சீரியலுக்கு இரவு 9 மணியை ஒதுக்க வேண்டுமென்றால், பழையதில் ஒன்றை எங்காவது நகர்த்தித்தானே ஆக வேண்டும்?

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருவோம். மத்தியானத்துக்கு மாறுவதே மரண தண்டனை ஆகிவிடாது. சன் டி.வி.யில் மத்தியான நேரத்தில் ஓடிய ‘சந்திரலேகா’ 2014-ல் தொடங்கி 2022 வரை, 2,000 எபிசோடுகளைத் தாண்டி ஓடியது. மத்தியானத்தில் விளம்பரக் கட்டணம் குறைவு, அதனால் செலவையும் குறைப்பார்கள். வெளிப்புறக் காட்சிகள் போய், ஒரே ஹாலும் சமையலறையுமாகச் சுருங்கும். முடிவுக்கான அடையாளங்கள் வேறு. கதையில் வருஷக்கணக்காகப் பூட்டி வைத்த ரகசியங்கள் ஒரே வாரத்தில் இரண்டு, மூன்று உடையும். காணாமல் போனவர் திரும்பி வருவார். அதே சமயம், நேரம் சொல்லாமல் ‘விரைவில்’ என்று ஓடிக்கொண்டிருந்த ஒரு புது சீரியல் புரோமோவில் உங்கள் சீரியலின் நேரம் பளிச்சென்று வந்து நிற்கும். அந்தப் புரோமோ வந்துவிட்டால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம்தான். புது சீரியல்கள் வழக்கமாகத் திங்கட்கிழமை தொடங்கும் என்பதால், பழையது விடைபெறுவது அதற்கு முந்தைய வெள்ளி அல்லது சனி.

ஐப்பசி மழை தொடங்கினால் போதும், டிஷ் டி.வி.யில் ‘சிக்னல் இல்லை’ என்று வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக் கேபிளில் படம் ஓடுகிறது. டிஷ்ஷை மாற்ற வேண்டுமா?
– வாசகர், தேவனாம்பட்டினம்

மாற்றும் முன் ஒன்றைப் பாருங்கள். கொட்டும் மழையில் மட்டும் போகிறதா, தூறலுக்கே போகிறதா?

கொட்டும் மழையில் போய், கால் மணி, அரை மணியில் தானாக வந்துவிட்டால் அது பழுதே இல்லை. வீட்டு டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். கனத்த மழைத்துளி அதை உறிஞ்சும், சிதறடிக்கும். கேபிள்காரரின் கன்ட்ரோல் ரூம் மாடியில் இருக்கும் பெரிய டிஷ்கள் பிடிப்பது அதைப்போல் மூன்று மடங்கு நீளமான அலை, மழை அதை அவ்வளவாகத் தொடாது. ஆனால் கேபிளுக்கு வேறு கண்டம் உண்டு. தெருவில் இருக்கும் ஆம்ப்ளிஃபையருக்குக் கரண்ட் வேண்டும், மரக்கிளை வயர் மேல் விழாமல் இருக்க வேண்டும். புயல் நாளில் டிஷ் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மேகம் விலகியதும் படம் வந்துவிடும், கேபிள் வீடு மறுநாள்வரை காத்திருக்கும். ஆக, யாரும் யாரையும் பார்த்துப் பொறாமைப்பட வேண்டாம்.

தூறலுக்கே போகிறதென்றால் எங்கோ குறை இருக்கிறது. நல்ல வெயில் நாளில் பாக்ஸ் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்து, ‘ஸ்ட்ரெங்த்’, ‘குவாலிட்டி’ இரண்டு எண்களையும் ஒரு காகிதத்தில் எழுதி பாக்ஸின் அடியில் ஒட்டி வையுங்கள். பாக்ஸுக்குப் பாக்ஸ் அளவு மாறும், ஆகவே பக்கத்து வீட்டு எண்ணோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். ஸ்ட்ரெங்த் அப்படியே இருந்து குவாலிட்டி மட்டும் இறங்கியிருந்தால் பெரும்பாலும் டிஷ் திசை நகர்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து விழுந்திருந்தால் வயர், கனெக்டர் அல்லது எல்.என்.பி. (டிஷ்ஷின் முன்னால் கம்பி நுனியில் இருந்து சிக்னலை வாங்கும் குமிழ்).

கடலோரத்தில் முதல் எதிரி உப்புக் காற்று. டிஷ்ஷின் பின்பக்க போல்ட் துருப்பிடித்து இளகும், ஒரு பலமான காற்றில் டிஷ் லேசாகத் தலைகுனியும். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷில் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் தமக்குள் ஒரு சென்டிமீட்டர் சாய்வு மாறினால் ஒரு டிகிரி. செயற்கைக்கோள் இருக்கும் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அந்த ஒரு டிகிரி 600 கிலோமீட்டருக்கு மேல். வெயிலில் எப்படியோ சமாளித்துக்கொண்டிருக்கும் படம், தூறல் விழுந்ததும் கையை விரிப்பது இதனால்தான். போல்ட்டுகளை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக மாற்றி, மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி முறுக்கச் சொல்லுங்கள். மாற்றும் முன் டிஷ்ஷின் நிலையைக் கம்பத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வைத்தால், அப்புறம் தேட வேண்டியதில்லை.

அடுத்தது எல்.என்.பி.யில் திருகும் எஃப் கனெக்டர். கழற்றிப் பாருங்கள். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் கம்பி பளபளப்பாக இருக்க வேண்டும். பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. வயரை இரண்டு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டுப் புது கனெக்டர் போட வேண்டும். வெட்டிய இடத்திலும், நடுக் கம்பியைச் சுற்றியிருக்கும் பின்னல் கம்பி கறுத்திருந்தால் இன்னும் உள்ளே போயிருக்கிறது, மேலும் வெட்டுங்கள். பின்னலின் ஒரே ஒரு இழை நடுக் கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகும், பாக்ஸ் மொத்தமாகச் சிக்னல் இல்லை என்று சொல்லும். திருகிய பிறகு ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் ஒரு சித்திரை வெயிலுக்கே உரிந்துவிடும். வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழே தொங்கும்படி ஒரு வளையம் விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், வயரோடு ஓடி பாக்ஸுக்கு வராது.

இன்னொன்று, தென்னை மரம். டி.டி. ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் இருக்கிறது. கடலூர், புதுச்சேரியிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், கிட்டத்தட்ட 69 டிகிரி உயரத்தில். டிஷ் பொருத்தியபோது இடுப்பளவு இருந்த தென்னம்பிள்ளை இப்போது அந்தப் பக்கத்தில் மட்டை விரித்திருந்தால், காற்றில் ஆடும்போதெல்லாம் படம் கட்டம் கட்டமாக உடையும். ரிப்பேர்காரர் எல்.என்.பி.யை மாற்றிக் காசு வாங்கிக்கொண்டு போவார், மரம் அங்கேயேதான் நிற்கும். இடி மின்னல் நேரத்தில் மட்டும் மாடிக்கு ஏறாதீர்கள், எந்த சீரியலுக்காகவும்.

அரை மணி சீரியலில் கதை எவ்வளவு நேரம்? பாதிக்கு மேல் விளம்பரம் போலத் தோன்றுகிறது.
– வாசகர், நெல்லிக்குப்பம்

பாதி இல்லை. கேபிள் டி.வி. விதிகள் ஒரு மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்கின்றன. அதில் 10 நிமிடம் வியாபார விளம்பரம், 2 நிமிடம் சேனல் தன் நிகழ்ச்சிக்குத் தானே செய்துகொள்ளும் விளம்பரம். 2013-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதைக் கறாராக அமல்படுத்த முனைந்தபோது சேனல்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது தனிக்கதை. விதிப்படி பார்த்தால் அரை மணிக்கு 6 நிமிடம் போக 24 மிஞ்ச வேண்டும். அந்த 24-க்குள்தான் ‘இதுவரை’, டைட்டில் பாட்டு, ‘அடுத்து’ எல்லாம் அடங்கும். இதோடு, விளம்பரத்துக்குப் பிறகு முந்தைய காட்சியின் கடைசி சில வினாடிகளைத் திரும்பப் போடுவதையும், ஒரே அதிர்ச்சிக்கு ஆறு முகங்களை மூன்று கோணத்தில் காட்டுவதையும் கழித்துப் பாருங்கள். கைபேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்து ஒரு நாள் அளந்தால் உங்களுக்கே புலப்படும். கோபம் விளம்பரத்தின் மேலா, ஸ்லோமோஷன் மேலா என்று பிறகு முடிவு செய்யலாம்.

எனக்கு மூன்றே மூன்று சீரியல் சேனல் போதும். கேபிள்காரர் ‘பேக்காகத்தான் எடுக்கணும்’ என்கிறார். சரியா?
– வாசகி, மஞ்சக்குப்பம்

சரியில்லை. டிராய் விதிப்படி எந்தக் கட்டண சேனலையும் தனியாக எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. அரசு கேபிளானாலும் தனியார் கேபிளானாலும் டி.டி.எச். ஆனாலும் இதில் வித்தியாசம் இல்லை. ஆனால் தனியாக எடுப்பது எப்போதும் மலிவு என்று நினைக்க வேண்டாம். பில் மூன்று துண்டு: இணைப்புக் கட்டணம், சேனல் விலை, இரண்டின் மேலும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இணைப்புக் கட்டணத்துக்கு முன்பு 130 ரூபாய் என்ற தொடக்க உச்சவரம்பு இருந்தது, 2024 ஜூலையில் டிராய் அந்த வரம்பை எடுத்துவிட்டது. ஆகவே உங்கள் ஆபரேட்டர் எவ்வளவு வாங்குகிறார் என்று முதலில் கேளுங்கள்.

உதாரணத்துக்கு 130 என்றே வைத்துக்கொள்வோம். 19 ரூபாய் சேனல் மூன்று என்றால் 57. கூட்டினால் 187, வரி 33.66, மொத்தம் 220 ரூபாய் 66 காசு. ஒரே நிறுவனத்தின் நாலைந்து சேனல் சேர்ந்த பேக்குக்குத் தள்ளுபடி 45 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பதால், மூன்றில் இரண்டு ஒரே நிறுவனத்துடையதாக இருந்தால் அந்தச் சிறிய பேக்கும் ஒரு தனி சேனலும் எடுப்பது சில சமயம் லாபம். நஷ்டம் வருவது ஆபரேட்டர் கட்டித் தரும் பெரிய பேக்கில், அதில் நீங்கள் கண்ணிலேயே பார்க்காத இந்தி, விளையாட்டு சேனல்களும் இருக்கும். இன்னொரு ஓட்டை: ஒரே சேனலின் சாதாரணப் பதிப்பும் எச்.டி. பதிப்பும் சேர்ந்து இருக்கிறதா என்று பட்டியலில் பாருங்கள். விலை இரண்டுக்கும் போகும், பார்ப்பது ஒன்றுதான். விலைகளைத் திரையிலேயே காட்ட 999-ம் எண் சேனல் ஒதுக்கப்பட்டிருக்கிறது. எடுத்துக் காட்டியே பேசுங்கள்.

பாக்ஸில் பென் டிரைவ் செருகி சீரியல் ரெக்கார்டு செய்கிறேன். ஒரு நாள் பாதியில் நிற்கிறது, ஒரு நாள் ஆகவே இல்லை. லேப்டாப்பில் போட்டால் ஓடவும் இல்லை.
– வாசகர், பாகூர்

பாதியில் நிற்பதற்குக் காரணம் நிகழ்ச்சி வழிகாட்டி. அந்தப் பட்டியல் முன்கூட்டியே அனுப்பப்படுவது. இரண்டு சீரியலைச் சேர்த்து ‘மகாசங்கமம்’ என்று ஒரு மணி நேரம் ஓட்டும் வாரத்திலும் பல சமயம் பட்டியலில் பழைய அரை மணியே இருக்கும். வழிகாட்டியில் பெயரைத் தொட்டு ரெக்கார்டு போடுவதற்குப் பதில், நேரத்தைக் கையால் கொடுங்கள். 2 நிமிடம் முன்னால் தொடங்கி 10 நிமிடம் தள்ளி முடியட்டும். மகாசங்கமம் என்று புரோமோ வந்தால் அந்த வாரம் முழுக்க ஒரு மணி நேரமாகப் போட்டுவிடுங்கள். கிரிக்கெட், விருது விழா, ஞாயிறு புதுப்படம் இருக்கும் நாட்களில் நேரம் நகரும்.

ஆகவே இல்லை என்றால் சுவரில் இருக்கும் சுவிட்சைப் பாருங்கள். டி.வி. அணைந்திருக்கலாம், பாக்ஸுக்குக் கரண்ட் இருக்க வேண்டும். ராத்திரி டி.வி.யோடு சேர்த்து மொத்தமாக அணைக்கும் வீடுகளில் இதுதான் நடக்கிறது. பதிவு நேரத்தில் ரீசார்ஜ் முடிந்திருந்தாலும் ஆகாது.

லேப்டாப்பில் ஓடாதது பழுதில்லை. பதிவு அந்த பாக்ஸுக்கு மட்டும் திறக்கும்படி பூட்டப்படுகிறது. பாக்ஸ் பழுதாகி வேறு வந்தால் பழைய பதிவுகள் போனது போனதுதான். முதன்முறை செருகும்போது ‘ஃபார்மேட்’ கேட்கும், கல்யாண ஃபோட்டோ இருக்கும் பென் டிரைவைச் செருகிவிடாதீர்கள். சாதாரண சேனலில் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று, ஒன்றரை ஜி.பி. பிடிக்கும். எச்.டி.க்கு அதைப்போல் மூன்று பங்கு ஒதுக்குங்கள்.

மகள் பாரீஸில் இருக்கிறாள். இரவு 9 மணி சீரியலை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டே பேசுவோம். திடீரென்று ஒரு மணி நேரம் தள்ளிப்போகிறது என்கிறாள். சேனல் மாற்றிவிட்டதா?
– வாசகி, லாஸ்பேட்டை

சேனல் இல்லை, பிரான்ஸ் கடிகாரம். மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பழையபடி. கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. நம் இரவு 9 மணி அவளுக்குக் கோடையில் மாலை 5.30, குளிர்காலத்தில் 4.30. ஆஃபீஸ் முடியாத நேரம் அது. நவம்பரிலிருந்து மார்ச் வரை 10 மணி சீரியலுக்கு மாறிக்கொள்ளுங்கள், அவளுக்கு அதே 5.30 வந்துவிடும்! வெளிநாட்டுக்கென்று தனியாக ஒளிபரப்பும் சேனலில் அட்டவணையே வேறாக இருக்கலாம். புதுச்சேரியில் கட்டிய ஆப் சந்தா அங்கே வேலை செய்யும் என்று நம்பி வருஷத்துக்குக் கட்ட வேண்டாம், உரிமம் நாட்டுக்கு நாடு வேறு. அங்கிருந்தே அவள் கணக்கில் ஒரு மாதத்துக்கு எடுத்துப் பார்க்கட்டும்.

நடிகர் மாறிவிட்டார் என்று செய்தி வந்த பிறகும் சில நாள் பழைய முகமே வருகிறதே?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

எடுத்து வைத்த எபிசோடுகளின் கையிருப்பு அது. யூனிட்டில் ‘பேங்க்’ என்பார்கள். மழைக்கும் காய்ச்சலுக்கும் சேமித்தது. பேங்க் தீர்ந்ததும்தான் ‘இவருக்குப் பதில் இவர்’ வரும். 2023 செப்டம்பர் 8-ல் நடிகர் மாரிமுத்து காலமானபோது ‘எதிர்நீச்சல்’ சீரியலில் அவர் செய்த ஆதி குணசேகரன் வேடத்துக்குப் பிறகு வேல ராமமூர்த்தி வந்தார், அதற்கு இடையில் கதை அந்தப் பாத்திரத்தை வீட்டை விட்டு வெளியே அனுப்பி நேரம் வாங்கியது. முக்கியமான ஆள் திடீரென்று ஊருக்குக் கிளம்பினால், பெட்டியில் துணி எவ்வளவு எடுத்து வைக்கிறார் என்று பாருங்கள்.

தூர்தர்ஷன் காலத்து சீரியல்கள் ஏன் சொல்லி வைத்தாற்போல் 13 வாரத்தில் முடிந்தன?
– வாசகர், அரியாங்குப்பம்

வருஷத்துக்கு 52 வாரம், நாலால் வகுத்தால் 13. ஒரு காலாண்டு. 13, 26, 52 என்றுதான் அனுமதி கிடைக்கும். வாரத்துக்கு ஒரு எபிசோடு என்பதால் 13 எபிசோடு மூன்று மாதம் ஓடும். இன்று வாரத்துக்கு ஆறு ஓடும் சீரியலுக்கு அது இரண்டு வாரம், ஒரு நாள். கல்யாணப் பத்திரிகையே அச்சாகியிருக்காது.